ஆப்பில் வரவில்லை

காலையில் சாரல் மழையோடு, யு.கே.ஜி. படிக்கும் மகளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பள்ளி ஆப்பைத் திறந்தால், அவள் பெயருக்கு எதிரே சிவப்பில் "வரவில்லை".

திரையைக் கீழே இழுத்து விட்டேன். வட்டம் சுற்றியது. மறுபடியும் "வரவில்லை".

பள்ளி ஃபோன் பிஸி. ஆட்டோ அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

"பிள்ள கேட்டுக்குள்ள போனத பாத்துட்டுதாம்மா வண்டிய எடுத்தேன். குத்தாலம் சவாரில இருக்கேன், வைக்கட்டா?"

மறுபடி இழுத்தேன். பார்த்துக்கொண்டிருந்த மாமியார் சொன்னார்கள்: "ஏட்டி, எத்தன தடவ இழுத்தாலும் அதுக்குள்ள இருந்தா பிள்ள வரும்? நேர்ல போயிப் பாரு."

குடையோடு ஓடினேன். வகுப்பு சன்னல் வழியே பார்த்தால், மகள் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மிஸ் வெளியே வந்தார். "மழைல நெட் இல்ல மேடம். ஒங்க பிள்ள மட்டுமில்ல, இன்னைக்கு கிளாஸே ஆப்சென்ட்தான்."

இப்போது இரவு; அவள் என் மடியில் தூங்குகிறாள். சற்றுமுன் ஃபோனில் பள்ளி ஆப்பின் செய்தி வந்தது: "உங்கள் குழந்தை பத்திரமாகப் பள்ளிக்கு வந்து சேர்ந்துவிட்டது."

எதற்கும் ஒருமுறை அவளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நாளைக்கும் இழுக்கத்தான் போகிறேன், வேறென்ன செய்ய?

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்களா?