பழைய ஸ்டேஷனின் ஒன்பது படிகள்

எங்கள் ஊர் பழைய ரயில் நிலையத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கொதித்துப் போனேன். அதன் ஓட்டுக் கூரையும் அகலமான படிகளும் எனக்கு அவ்வளவு பிடிக்கும். இடிக்கக் கூடாதென்று மனு எழுதி, வாசலில் நின்று கையெழுத்து வாங்கினேன்.

ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் பர்வீன் சக்கர நாற்காலியில் வந்தாள். மனுவைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல நான் எப்டிண்ணா கையெழுத்து போடுவேன்? தினம் இந்த ஒன்பது படியும் எங்க அண்ணன்தான் என்னைத் தூக்கினு ஏர்றான். அவனுக்கு ஒடம்பு சரியில்லன்னா எனக்கும் லீவுதான். புதுசுல ரேம்ப் வெக்கிறாங்களாம்."

இருபது வருடமாக அந்தப் படிகளில் ஓடி ஏறியவன் நான். எத்தனை படி என்று ஒருநாளும் எண்ணியதில்லை. வெட்கமாகிவிட்டது.

"மன்னிச்சிடும்மா" என்றேன். மனுவை யாரிடமும் கொடுக்கவில்லை.

போன மாதம் புதிய நிலையம் திறந்தது. அழகில் பழையதற்கு ஈடில்லைதான். பர்வீன் சாய்வுப் பாதையில் தானே சக்கரத்தை உருட்டி ஏறிக்கொண்டிருந்தாள். தள்ளிவிடலாமென்று கை நீட்டினேன்.

"வேணாண்ணா, நானே போய்க்கிறேன்" என்று சிரித்தாள்.

ஒதுங்கி வழிவிட்டேன். பழைய கட்டடம் இல்லாதது இன்னமும் கொஞ்சம் வலிக்கிறது. ஆனாலும் அன்று மனம் நிறைந்துதான் ரயிலேறினேன்.