பின் கதவுக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர்

வீட்டில் அவருக்கு 'ஆராய்ச்சி' என்று பெயர். வைத்தது மனைவி. ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கக்கூட நாலு கடை ஏறி இறங்கி, கைப்பிடியைத் திருகிப் பார்த்து, கடைசியில் முதல் கடைக்கே திரும்பிப் போகிற மனுஷனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? அவருக்கும் அதில் வருத்தமில்லை. தொழில் அப்படி. மெத்தைக் கம்பெனியில் தரம் பார்ப்பவர். நாள் முழுக்க மெத்தைகளைக் கட்டைவிரலால் அமுக்குவதும், மல்லாந்து படுத்துக் கண்ணை மூடுவதும்தான் வேலை. படுத்தபடியே குடும்பத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மற்றவர்கள் சிரிப்பதற்குள் முந்திக்கொள்வது நல்லதில்லையா?

மூன்று பேர் குடும்பத்துக்கு ஏழு பேர் உட்காரும் எஸ்.யூ.வி. வாங்கியதும் ஆராய்ச்சியின் முடிவுதான். யாரோ ஓட்டிச் சலித்த பழைய வண்டி. வாங்கிய கொஞ்ச நாளிலேயே மனைவியும் மகளும் கடைசி வரிசைக்குக் குடிபோய்விட்டார்கள். கால் நீட்ட வசதியாம். அந்த வரிசையில் குழந்தைகூடக் கால் நீட்ட முடியாது என்பதை மட்டும் அவர் ஆராயவில்லை. வாடகை வண்டி டிரைவர் மாதிரி முன்னால் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு விடுமுறை நாளில் பாட்டைப் போட்டுவிட்டு வண்டியைத் துடைத்தவர், பின் கதவு ஸ்பீக்கரில் காதை வைத்தார். மூச்சுப் பேச்சில்லை. மறுபக்கக் கதவும் அப்படியே. அடப்பாவி, இத்தனை நாள் போட்ட பாட்டில் ஒன்றுகூடப் பிள்ளை காதில் சரியாக விழவில்லையா என்று மனசு அடித்துக்கொண்டது. சீக்கிரமே மகளை வெளியூர்க் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விட வேண்டும். நீண்ட பயணம். சின்ன வயதில் அவள் கேட்டு ஆடிய பாட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருந்தார். போகிற பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லத் தெரியாததை அந்தப் பாட்டுகள் சொல்லிவிடும் என்று நம்பியிருந்தார்.

அவ்வளவுதான், ஆராய்ச்சி தொடங்கியது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தும் அளவு, வாட், காந்தத்தின் எடை என்றே பேச்சு. கடைக்குப் போனால் சுவர் நிறைய ஸ்பீக்கர்கள். கடைக்காரர் ஒவ்வொரு பட்டனாகத் தட்டி, ஒரே பாட்டை மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார். இவருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்டது. வெளியே சொன்னால் மானம் போகுமே! கண்ணை மூடித் தலையாட்டினார். "இது கொஞ்சம் இறுக்கமா இருக்கு. இது நல்லா குழைஞ்சு குடுக்குது" என்று மெத்தைக்குச் சொல்வதையே எடுத்துவிட்டார்.

"கரெக்டா சொன்னீங்க சார்!" என்றார் கடைக்காரர்.

அந்தப் பாராட்டில் வந்தது வினை. கை தன்பாட்டுக்கு நீண்டு, ஸ்பீக்கரின் நடுவில் இருந்த குமிழைக் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கியது. மெத்தையென்றால் எழும்பி வந்திருக்கும். இது உள்ளே போனது போனதுதான்.

"என்ன சார் பண்ணிட்டீங்க?"

"உறுதியா இருக்கான்னு பார்த்தேன்..."

"தெரிஞ்சுதா?"

தேர்வு முடிந்தது. அந்த ஜோடியையே வாங்கிக்கொண்டு வந்தார்.

மாட்டுவதையும் தானே செய்யலாம் என்று வீடியோ பார்த்து வைத்திருந்தார். பாட்டை ஓடவிட்டு, பின் கதவின் உள்பக்க அட்டையை ஸ்குரூடிரைவரால் நெம்பினார். ஒரு கிளிப் படக்கென்று தெறித்தது. ஓடிவந்த மகள் நசுங்கிய ஸ்பீக்கரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். முன்னால் போய்ப் பாட்டுப் பெட்டியின் திரையில் ஒரு புள்ளியை விரலால் பின்பக்கம் இழுத்தாள். பின் கதவில் பாட்டு கணீரென்று கிளம்பியது.

"பழைய ஸ்பீக்கர் நல்லாதான்பா இருக்கு. நானும் அம்மாவும்தான் சத்தத்தை முன்னாடி தள்ளி வெச்சோம்."

"ஏம்மா?"

"பின்னாடி நாங்க பேசிக்கிட்டு வருவோம்ல."

"அப்படி என்ன பேசுவீங்க?"

அவள் தயங்கினாள். "ஹாஸ்டல் பத்திதான். பயமா இருக்குன்னு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா உடனே ஆராய்ச்சி பண்ணுவீங்கப்பா. ஹாஸ்டல் மெத்தையிலேருந்து ஆரம்பிப்பீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. அந்த மெத்தை எவ்வளவு தடிமன் என்ற கேள்வி அதற்குள் வாய்வரை வந்துவிட்டதுதான் இன்னும் கேவலம்.

புறப்படும் நாளில் வண்டிச் சாவியை மனைவியிடம் நீட்டினார்.

"உடம்பு சரியில்லையா?" என்றாள் அவள்.

"நீயே ஓட்டு."

கடைசி வரிசையில் மகளுக்குப் பக்கத்தில் தன்னைத் திணித்துக்கொண்டார். முழங்கால் தாடையில் இடித்தது. பாட்டை யாரும் போடவில்லை. ஊர் எல்லை தாண்டியதும் மகள் மெல்ல ஆரம்பித்தாள். புது அறை, தெரியாத முகங்கள், ராத்திரி தூக்கம் வருமோ வராதோ. ஒவ்வொன்றுக்கும் ஒரு யோசனை அவர் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒவ்வொன்றாக விழுங்கினார். கண்ணை மூடி, வேலையில் இருப்பதுபோல அசையாமல் இருந்தார்.

"அப்பா, தூங்கிட்டீங்களா?"

"இல்லம்மா. எனக்கும் பயமாதான் இருக்கு. நீ சொல்லு."

மகள் அவர் தோளைக் கட்டைவிரலால் ஒரு முறை அமுக்கிப் பார்த்தாள். பிறகு அதில் தலையைச் சாய்த்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.