களத்தில் கிடந்த கல்

கீழ்வேளூருக்குக் கிழக்கே மெயின் ரோட்டை ஒட்டி மீரா உசேனின் ரைஸ் மில் இருக்கிறது. மில்லைவிட அதன் களம் பெரியது. அவித்த நெல்லை அந்தச் சிமெண்டுத் தரையில் கொட்டிப் பரப்பி, வெயிலில் காலால் கிளறிக் கிளறிக் காயவைக்கும் பெண்கள் பதினோரு பேர். மூத்தவள் மலர்கொடி. வயது நாற்பத்தெட்டு. வாக்கப்பட்டு வந்த வாரமே களத்தில் இறங்கியவள், புருஷன் செத்த பதினாறு நாள் தவிர ஒரு நாளும் மட்டம் போட்டதில்லை. மட்டம் போட்டால் களம் என்ன ஆகுமோ என்று நிஜமாகவே கவலைப்படுகிற ஜென்மம்.

நெல் காய்ந்ததா இல்லையா என்று சொல்வது அவள் வேலை. ஒரு பிடி அள்ளி, நாலு மணியை முன்பல்லில் வைத்துக் கடிப்பாள். நசுங்கினால் ஈரம். டக்கென்று உடைந்தால் பதம். பொடியாக நொறுங்கினால் போச்சு, அரைக்கும்போது பாதி அரிசி குருணையாகிவிடும். ஈரம் பார்க்க முதலாளி ஒரு மெஷின் வாங்கிப் பீரோவுக்குள் வைத்திருந்தார். அது வெளியூர் வியாபாரிகளுக்குக் காட்ட. நெல்லை அள்ளச் சொல்லுமுன் அவர் பார்ப்பது மலர்கொடியின் முகத்தைத்தான்.

களம் கூட்டுவதும் அவள் பொறுப்பே. அதில் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. அரிசியில் கல் கடிபட்டால் ஊர் மில்லைத் திட்டும், மில் களத்தைத் திட்டும், களத்தில் திட்டு வாங்குவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருஷத்தில் அப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. லாரிக்காரர்கள்கூட அவள் கூட்டிய களத்தில் செருப்போடு ஏறமாட்டார்கள். ஏறினால் அவள் வாய்க்கு யார் பதில் சொல்வது?

மாசியில் ஒரு மத்தியானம் வழக்கம்போல நாலு நெல்மணியைக் கடித்தாள். அதில் ஒன்று நெல்லில்லை. மண்டைக்குள் சுரீரென்றது. உள்ளங்கையில் துப்பிப் பார்த்தாள். முன்பல்லில் பாதி, அதன் பக்கத்தில் மிளகு அளவுக்கு ஒரு கருங்கல். முதலில் அவள் செய்தது, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்ததுதான். பல் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். கல்லை மதிலுக்கு அப்பால் வாய்க்காலில் எறிந்தாள். மற்றவர்கள் கேட்டபோது, வயசாச்சுல்ல, தேய்ஞ்ச பல்லு, கடிச்சதும் போயிடுச்சு என்றாள்.

வலிகூடப் பெரிதில்லை. வைகாசியில் மகள் பிரகதீஸ்வரிக்குக் கல்யாணம். மகள் சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை வீடு கும்பகோணத்தில், வசதியான குடும்பம். நிச்சயத்தன்றே சம்பந்தியம்மா அனுசுயாவின் பட்டுப்புடவையையும் வைரத்தோட்டையும் பார்த்து மிரண்டிருந்தாள் மலர்கொடி. இப்போது பாதிப் பல்லோடு அவர்கள் எதிரில் எப்படிச் சிரிப்பது? யாரிடம் பேசினாலும் கை தானாக வாய்க்குப் போனது.

மகள்தான் வழி சொன்னாள். அவள் கம்பெனி இன்சூரன்சில் அம்மாவின் பேரும் இருக்கிறது, அதில் பல்லுக்கும் உண்டு, டாக்டரைப் போய்ப் பார் என்றாள். மலர்கொடி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நாகப்பட்டினம் பஸ் ஏறினாள்.

பல் டாக்டர் ஃபஹ்மிதா சின்னப் பெண், பொறுமைசாலி. கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினாள். உடைந்தது ஒன்றுதான், ஆனால் முன்பல் நாலுமே தேய்ந்திருந்தன. ஒன்றை மட்டும் கட்டினால் நிற்காது. பல் நிறத்திலேயே ஒரு பசை இருக்கிறது, அதை நாலிலும் பூசி, வெளிச்சம் காட்டி இறுக்கி, பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம், பாண்டிங் என்பார்கள் என்றாள். ஆகும் தொகையைக் கேட்டதும் மலர்கொடி கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கல்யாணத்துக்கே பெட்டியில் கிடந்த பழைய தாலிக்கொடிவரை அடகில் இருந்தது.

இன்சூரன்ஸ் கொடுக்கும், ஆனால் வேலையைத் தொடங்குமுன் அவர்கள் சம்மதம் வேண்டும் என்று சொல்லி, டாக்டர் பேனாவைத் திறந்தாள்.

"எப்படிம்மா உடைஞ்சுச்சு?"

இந்த இடத்தில் கல் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் கதையே வேறு. ஆனால் டாக்டரும் முதலாளியின் சாதிசனம், சொன்னால் அவர் காதுக்குப் போய்விடும் என்று மலர்கொடிக்குத் தோன்றியிருக்க வேண்டும். என் களத்தில் கல் கிடந்தது என்று ஒரு படித்த பெண்ணிடம் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

"நெல்லு கடிச்சேன் டாக்டரம்மா. முப்பது வருஷமா கடிக்கிறேன். ஒரு நாளைக்கு நூறு தரமாவது கடிப்பேன். நான் கடிச்சுச் சொன்னாத்தான் முதலாளி அள்ளச் சொல்லுவாரு."

கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொன்னாள். டாக்டர் அதை அப்படியே எழுதினாள்.

பங்குனியில் பதில் வந்தது. விபத்தில் உடைந்த பல்லுக்குத்தான் பணம், நாள்பட்ட பழக்கத்தால் தேய்ந்த பல்லுக்குக் கிடையாது. மகள் போனில் கத்தினாள். அப்போதுதான் மலர்கொடி கல்லைப் பற்றி வாய் திறந்தாள்.  மகள் அழுதுகொண்டே சொன்னாள், அதுதாம்மா விபத்து, அதைத்தான் அவங்க கேட்டாங்க என்று.

விசாரித்ததில் ஒரு வழி மிச்சமிருந்தது. மூன்று மாதத்துக்குள் மறுபடி கேட்கலாம். ஆனால் பேச்சை மாற்றுவதால், இன்ன தேதியில் நெல்லில் கல் இருந்தது, அதைக் கடித்துத்தான் பல் உடைந்தது என்று மில்லிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். டாக்டர் தன் குறிப்பைத் திருத்தித் தரத் தயாராக இருந்தாள். முதலாளியிடம் போய் அந்தக் கடிதத்தைக் கேட்க வேண்டியது மலர்கொடி.

அவள் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்போம், நாளைக்குக் கேட்போம் என்று சித்திரை முழுவதும் ஓடிப்போயிற்று. ஆபீஸ் வாசல்வரை நாலு தடவை போய், குடிதண்ணீர் கேட்டுவிட்டுத் திரும்பினாள். அவளைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் பேர் எடுத்தவளிடம் போய் அந்தப் பேரைக் கொடு என்று கேட்டால் யார்தான் கொடுப்பார்கள்?

கல்யாணம் நடந்தது. மூன்று மணி நேரம் மேடையில் மலர்கொடி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். போட்டோக்காரன் சிரிங்கம்மா, சிரிங்கம்மா என்று அலுத்துப்போனான். பத்து நாள் கழித்து மகள் போனில் ரொம்பத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஆல்பம் வந்திருக்கிறது. ஒரு படத்தில்கூட அம்மா முகம் மலரவில்லை. பொண்ணோட அம்மாவுக்கு இந்த சம்பந்தத்துல இஷ்டமே இல்லை போல என்று மாமியார் எல்லாரிடமும் சொல்கிறாராம்.

 மகளுடைய வாழ்க்கையில் தன் வாயால் வினை வந்துவிட்டதே என்று அன்றிரவு மலர்கொடிக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று மாதக் கெடுவில் ஆறு நாள் பாக்கி இருந்தது. விடிந்ததும் ஆபீசுக்குப் போய், இந்தத் தடவை தண்ணீர் கேட்காமல், கல்லைப் பற்றிச் சொன்னாள்.

மீரா உசேன் கேட்டுக்கொண்டே இருந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நம்ம களத்துலயா?"

"ஆமா முதலாளி."

"அன்னைக்கே ஏம்மா சொல்லல? அந்த நெல்லு அரிசியாகி எங்கெங்கே போச்சோ."

 அவர் லெட்டர்பேடை எடுத்து, கேட்டதைக் கேட்டபடி எழுதி, கையெழுத்துப் போட்டு, மில் சீலும் வைத்துக் கொடுத்தார். நல்ல மனுஷர். அவள் வெளியே வரும்போது பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று மத்தியானம் அவர் மெஷினோடு களத்துக்கு வந்து, தானே ஒரு பிடி அள்ளிப் போட்டு, எண்ணைப் பார்த்து, அள்ளச் சொன்னார்.

வேலை முடிந்ததும் மலர்கொடி மகளுக்குப் போன் போட்டாள். கடிதம் வாங்கிவிட்டேன், போட்டோ எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டாள். எத்தனையோ மாதம் கழித்து அவள் குரலில் ஒரு தெம்பு இருந்தது.

 மகள் மெல்ல ஆரம்பித்தாள்.

"அம்மா, கல்யாணம் ஆனா இன்சூரன்சுல ஒரு பக்கத்துப் பெரியவங்க பேருதான் வைக்க முடியுமாம். அம்மா வீடு, இல்லன்னா மாமியார் வீடு. அத்தை கேட்டாங்க. நேத்துதாம்மா உன் பேரை எடுத்துட்டு அவங்க பேரைப் போட்டேன், இனி உன் பல்லுக்குக் கேக்க முடியாது."

"சரி."

"நீ லெட்டரே வாங்கமாட்டேன்னு நெனச்சேம்மா."

நல்லதுதான் செய்தாய், அவர்கள் வயசானவர்கள், நாளைக்கு ஆஸ்பத்திரி கீஸ்பத்திரி என்றால் உதவும் என்று மலர்கொடி சொன்னாள். அனுசுயா அவளைவிட இரண்டு வயது இளையவள். மகளுக்கும் அது தெரியும். இரண்டு பேரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தார்கள்.

மறுநாளிலிருந்து மலர்கொடி மற்றவர்களோடு சேர்ந்து நெல்லைக் காலால் கிளறுகிறாள். யாரும் அவளைக் கடித்துப் பார்க்கச் சொல்வதில்லை. களம் கூட்டுவது மட்டும் இன்னும் அவள்தான், முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் கூட்டுகிறாள். அந்தக் கடிதம் ரேஷன் கார்டோடு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. முப்பது வருஷம் அந்த மில்லில் வேலை பார்த்ததற்கு அவளிடம் இருக்கும் ஒரே காகிதம் அதுதான். அதில் அவள் பேர் இருக்கிறது, அவள் களத்தில் கல் கிடந்தது என்றும் இருக்கிறது.