காந்தம் ஒட்டிய பால் தூக்கு

குழந்தையோடு தாய்வீட்டிலிருந்து திண்டுக்கல்லுக்குத் திரும்பியபோது, அதன் பாலுக்கென்று அப்பா ஒரு எவர்சில்வர் தூக்கு வாங்கிக் கொடுத்தார். எங்கள் தெருவில் அப்போது பித்தளைதான் அதிகம். மாமியார் தூக்கைத் தட்டிப் பார்த்தார். பிறகு எதிர்வீட்டுத் தையல்காரர் ஊசி பொறுக்கும் காந்தத்தை வாங்கி வந்து அதன்மேல் வைத்தார். ஒட்டிக்கொண்டது.

"இரும்புக்கு மெருகு போட்டுக் குடுத்திருக்காரு ஒங்கப்பா. பேத்தி மேல அம்புட்டுப் பாசம்! இதுல ஊத்துனா பாலோட துருவுல்ல உள்ள போகும்?"

கணவர் செய்தித்தாளை விலக்கவில்லை. தூக்கு பரணுக்குப் போனது.

எவர்சில்வரும் இரும்புதான், குரோமியம் கலந்த இரும்பு என்று பள்ளியில் படித்திருந்தேன். நிக்கல் சேர்ந்த ரகத்தில் காந்தம் ஒட்டாது, மற்றதில் ஒட்டும், ஆனாலும் எளிதில் துருப்பிடிக்காது என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. அன்று எனக்கே பயம். அப்பாவைக் கடைக்காரன் ஏமாற்றியிருந்தால்?

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. வாளிகூட இரண்டு கோடை தாங்காது. தூக்கைப் பரணிலிருந்து இறக்கி, அந்தத் தண்ணீரை நிரப்பிக் கொல்லையில் வைத்தேன். பக்கத்தில் ஒரு மண்சட்டியில் அதே தண்ணீரை ஊற்றி, இரும்புத் தோசைக்கரண்டியையும் காய் நறுக்கும் கத்தியையும் போட்டேன். கரண்டி மறுநாளே சிவந்தது. கத்தி கொஞ்சம் தாங்கி, பிறகு புள்ளி புள்ளியாகப் பழுத்தது. தூக்கில் உப்புதான் வெள்ளையாகப் படிந்தது. துடைத்தால் பளபளப்பு. நாள் போதாதோ என்று இன்னும் ஒரு வாரம் விட்டேன். அப்போதும் அப்படியேதான் இருந்தது.

மாமியாரிடம் காட்டினேன்.

"நல்ல கத்தியக் கெடுத்து வச்சிருக்கா, படிச்சவ! காந்தம் ஒட்டுச்சா இல்லையா, அதச் சொல்லு."

"ஒட்டுச்சு அத்தை."

"பெறகென்ன?"

சேதி எப்படியோ அப்பாவுக்குப் போயிருந்தது. ஒருநாள் வேறொரு தூக்கோடு வந்தார். "தெரியாத்தனமா வாங்கிட்டேன் சம்பந்தியம்மா, மனசுல வச்சுக்கிடாதீக" என்றார். மாமியார் அதிலும் காந்தத்தை வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. அதன் பிறகுதான் அப்பாவுக்கு மோர் வந்தது.

பழைய தூக்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பியவரோடு தெருமுனைவரை நடந்தேன்.

"இது துருப்பிடிக்காதுப்பா. உப்புத்தண்ணி ஊத்தி வச்சுப் பாத்துட்டேன்."

"தெரியும் தாயி. நம்ம வீட்ல இதே மாதிரித் தூக்குலதான் மோர் புளிக்குது. நான் சண்ட போட்டு செயிச்சுட்டு பஸ் ஏறிருவேன். நீயில்ல இங்க இருக்கணும்?"

நான் திரும்பியபோது மாமியார் புதுத் தூக்கை விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஒங்கப்பாவே ஒத்துக்கிட்டாரு, பாத்தியா?"

குழந்தை பாலுக்கு அழுதது. அந்தத் தூக்கை வாங்கிப் பாலை ஊற்றினேன்.