தெரியாது என்று சொல்லாத பிள்ளை

தாயில்பட்டிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வெடி செய்யச் சொல்லிக் கொடுக்கிறார்களாம். அந்தப் பேச்சு சிவகாசி பஸ்ஸில் இசைவாணியின் காதுக்கு வந்து சேர்ந்தபோது, அதற்குக் கண்ணும் மூக்கும் வைத்து நெற்றியில் பொட்டும் வைத்திருந்தார்கள்.

சொன்னவள் பக்கத்து சீட்டுக்காரி. மடியில் காலிப் பூக்கூடை.

“எங்க நாத்தனா மகன் சொன்னான் தாயி. டீச்சரம்மாவே முன்னால நின்னு, எல்லாரும் பாத்துக் கத்துக்கோங்கன்னு சொல்லுதாளாம். கம்பெனிக்காரன் அவளைத் தனியாக் கவனிக்கானாம். சீசனுக்கு ஆளு பத்தலைல்ல, அதான்.”

“அப்படியாக்கா.”

“வீடியோவே வந்திருக்காம். நான் பாக்கல, என் போன்ல அதெல்லாம் வராது. நீங்க எங்கன வேல பாக்கீக?”

“தையல்” என்றாள் இசைவாணி. பொய்யில்லை.

“நல்ல வேல. நெருப்புகிட்ட போகாத வேல. அவளை மாதிரி ஆளுகள இருக்கன்குடி ஆத்தா பாத்துக்கிடுவா.”

“பாத்துக்கிடட்டும்க்கா.”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன்னைப் பற்றிய பேச்சுக்குத் தானே ‘ம்’ கொட்டியதில் கூச்சமோ கோபமோ வரவில்லை. ஒரு மாதமாகவே அப்படித்தான். பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட கன்னம் மாதிரி, தொட்டால் தொட்டது தெரிகிறது, அவ்வளவுதான்.

இசைவாணிக்கு ஊர் ஆமத்தூர். அம்மா தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கினவள். குச்சி அடுக்குகிற மரச்சட்டம் வீட்டுக்கும் கொஞ்சம் வரும். பிள்ளைகள் விளக்கு வைத்த பிறகு உட்கார்ந்து அடுக்குவார்கள். தையல் படித்து, சான்றிதழ் வாங்கி, சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்க்கிற தனுஷ்கோடிக்கு வாழ்க்கைப்பட்டாள். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பகுதி நேர ஆசிரியை ஆனாள். தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் பகுதி நேரம்தான். மே மாதம் வந்தால் ஆசிரியை இல்லை, ஜூனில் மறுபடி ஆசிரியை. “ஒன்னோடது வெயில்ல காஞ்சு மழையில துளுக்குற அருகம்புல்லு உத்தியோகம்” என்று தனுஷ்கோடி கேலி பேசுவான். அவளும் சிரிப்பாள்.

அவளிடம் பிளஸ் டூ தொழிற்கல்விப் பிள்ளைகள் தையல் படித்தார்கள். கூடவே ‘வேலைவாய்ப்புத் திறன்’ என்று ஒரு பாடம் உண்டு. வங்கியில் சலான் நிரப்புவது, வேலை கேட்டுப் போகிற இடத்தில் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசுவது, தெரியாததைத் தெரியாது என்றும் தெரிந்ததைத் தெரியும் என்றும் சொல்வது. இதில் கடைசிப் பாடம்தான் அந்த ஊரில் நடத்தக் கூடாத பாடம். அது அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

ஏனென்றால் அந்தக் கரிசல்காட்டில் பிள்ளைக்கு அம்மா, அப்பா என்று சொல்ல வந்ததும், அடுத்ததாக ஒன்றைச் சொல்லித் தந்துவிடுவார்கள். ஜீப்பில் வருகிற அதிகாரி யாராவது, “பாப்பா, உனக்கு இந்த வேலை தெரியுமா?” என்று கேட்டால், “தெரியாது சார்.” எம்புட்டுக் கேட்டாலும், மிட்டாய் கொடுத்துக் கேட்டாலும், “தெரியாது சார்.” இசைவாணியே சின்ன வயதில் விரல் நுனியெல்லாம் மருந்து வாடை அடிக்க, கையைப் பாவாடைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அப்படிச் சொன்னவள்தான். பாடப் புத்தகத்தைக் கையில் எடுத்த பிறகு அது மறந்துபோயிற்று.

ஜனவரியில் ஒரு நாள் வகுப்பில் சொன்னாள்: “வேலை கேட்டுப் போனா, உனக்கு என்ன தெரியும்னுதான் முதல்ல கேப்பாங்க. நாளைக்கு ஆளுக்கு ஒரு வேலை செஞ்சு காட்டணும். வீட்ல செய்யறது எதுன்னாலும் சரி.”

மறுநாள் ஒருத்தி கோலம் போட்டாள். ஒருத்தி சப்பாத்தி தேய்த்தாள். ஒருத்தி, “டீச்சர், எனக்குத் தூங்கத்தான் தெரியும், செஞ்சு காட்டவா?” என்று கேட்டு வகுப்பைச் சிரிக்க வைத்தாள். பிறகு ரோஜா எழுந்து வந்தாள். ஒல்லியான பெண், அதிகம் பேசாதவள், நேர்த்தையல் போட்டால் அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி இருக்கும். பையிலிருந்து பழைய காகிதக் கட்டு, ஒரு கம்பி, டப்பாவில் மைதாப் பசை எடுத்து வைத்தாள். உட்கார்ந்தாள். உருட்ட ஆரம்பித்தாள்.

வெடிக்கு மேல் கூடாக வரும் காகிதக் குழாய். மருந்து கிடையாது, திரி கிடையாது, வெறும் கூடு. கம்பியில் காகிதம் ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்குப் பிடிபடவில்லை. இசைவாணிக்கு அந்த வேகம் ஒன்றுதான் தெரிந்தது. கை தட்டினாள். போனை எடுத்துப் பிடித்தாள். “எல்லாரும் ரோஜாவப் பாத்துக் கத்துக்கோங்க” என்று அவள் சொன்னது வீடியோவில் தெளிவாக விழுந்திருக்கிறது.

பிள்ளைகள் யாரும் கை தட்டவில்லை. அந்த வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்குக் குழாய் உருட்டத் தெரியும். எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூச்சம் என்று நினைத்தாள் இசைவாணி. வாராவாரம் திறன் வகுப்பு நடந்ததற்குச் சாட்சியாக மேலதிகாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஏதாவது போட வேண்டும். அந்த வாரம் அதைப் போட்டாள்.

வீடியோ குழுவை விட்டு வெளியே போனது. அந்த வாரக் கடைசியில் ரோஜாவின் தெருவுக்குள் ஜீப் வந்தது. வீட்டில் குழாய் உருட்டக் கூடாது என்பது சட்டம். எல்லா வீட்டிலும் உருட்டுவது நடப்பு. கண்ணில் பட்ட குழாயை எல்லாம் சாக்கில் கட்டி எடுத்துப் போனார்கள். காகிதம் கொண்டுவந்து போடுகிற ஏஜென்ட் அந்தத் தெருப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டான்.

ரோஜா பள்ளிக்கு வருவதும் நின்றது.

போன சனிக்கிழமை இசைவாணி அவள் வீட்டுக்குப் போனாள். ரோஜாவின் அம்மா வள்ளித்தாய் எழுந்து நின்று, “வாங்க டீச்சர், சாப்பிட்டீகளா?” என்றாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எல்லாம் என்னாலதான்” என்றாள் இசைவாணி.

“உங்கள ஒண்ணும் சொல்லல டீச்சர். பிள்ள அழகா உருட்டுச்சுன்னு எல்லாருந்தான் சொன்னாக. தெருவுல ஒருத்தரும் எங்ககூடப் பேசல. எங்களால அம்புட்டு வீட்டுக்கும் வேல போச்சு. குழாயில ஒரு கணக்கா வண்டி ஓடுச்சு. இப்ப வெடிக் கம்பெனிக்குத்தான் போகணும். அவுக அப்பாவுக்கு மூச்சு வாங்குது, நான் ஒருத்தி போயி எங்கன பத்தும்?”

“பரீட்சை முடியட்டும் வள்ளித்தாய். செய்முறைத் தேர்வுக்கு வரலைன்னா தொழிற்கல்வியில பாசே கிடையாது. ஒரு வருஷம் போயிரும்.”

“பதினெட்டு முடிஞ்சிருச்சு டீச்சர். ஆதார்ல பாருங்க. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.”

வயதைப் பற்றி இசைவாணி கேட்கவே இல்லை. ஜீப்பில் வந்தவர்களுக்குச் சொல்ல வைத்திருந்த பதில் அது.

ரோஜா வாசல்வரை கூட வந்தாள்.

“புதன்கிழமை பரீட்சைக்கு வந்துருவியா பிள்ள?”

“திங்கள்லருந்து வேலைக்குச் சொல்லியிருக்கு டீச்சர். புதன் ஒரு நாள் லீவு கேட்டிருக்கேன். போர்மேன் பாப்போம்னாக.”

“பாப்போம்னா?”

“பாப்போம்னாக.” ரோஜா வாசலில் கிடந்த செருப்பைக் காலால் ஒதுக்கினாள். “செருப்பையும் போனையும் கேட்டுலயே விட்டுட்டுத்தான் உள்ள போகணும். ஒரு மரப்பெட்டி இருக்கு, அதுல எல்லா போனையும் போட்டு வச்சிருவாக. புதன்கிழமை நீங்க போன் போட்டு நான் எடுத்தா, வந்துக்கிட்டு இருக்கேன்னு வச்சுக்கோங்க.”

“எடுக்கலைன்னா?”

ரோஜா கையைத் தாவணிக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

இன்று புதன்கிழமை.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது பூக்கூடைக்காரி, “பாத்துப் போங்க தாயி” என்றாள். பள்ளியில் தையல் அறையைக் கூட்டி, இயந்திரங்களுக்கு எண்ணெய் விட்டிருந்தார்கள். சாத்தூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா சீட்டு எடுக்கச் சொன்னார். பிள்ளைகளுக்குத் தைக்கக் குழந்தைச் சட்டை வந்தது. துணி வெட்டுகிற சத்தம் தவிர அறையில் ஒன்றும் இல்லை. ஜன்னலோர இயந்திரம் உறை எடுக்காமல் நின்றது.

“அது யாரு?” என்றார் தேர்வாளர்.

“ரோஜான்னு ஒரு பிள்ள மேடம். வந்துருவா.”

“வீடியோவுல வந்த பிள்ளையா?”

“ஆமா மேடம்.”

தேர்வாளர் அவளை ஒரு தரம் பார்த்தார். “மதியம் மணி அடிக்கிற வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல ஆப்சென்ட் போட்டுத்தான் ஆகணும், என் கையில இல்ல.”

தலைமையாசிரியர் கனகசபாபதி வாசலில் வந்து நின்றார். “போன் போட்டீகளா டீச்சர்?”

“இன்னும் இல்ல சார்.”

“ஏன்?”

காலையிலிருந்து போன் கையில்தான் இருந்தது. போடாத வரைக்கும் அந்தப் பிள்ளை வந்துகொண்டிருக்கலாம். பஸ் தாமதமாகியிருக்கலாம், வெம்பக்கோட்டை ரோட்டில் லாரி மறித்திருக்கலாம். அவள் ஜன்னலோர இயந்திரத்தின் உறையை எடுத்து மடித்து வைத்தாள். ஊசியில் நூல் கோத்தாள். ரோஜாவுக்குப் பிடித்த மாதிரி நூல் இறுக்கத்தை ஒரு பிடி தளர்த்தினாள். மாதிரிக்கு ஒரு துண்டுத் துணியில் ஓட்டிப் பார்த்தாள். தையல் நேராக வந்தது.

“மேடம், காஜா எடுக்கவா, கொக்கி வைக்கவா?” என்று ஒரு பிள்ளை கேட்டது. “கொக்கி” என்றார் தேர்வாளர்.

இசைவாணி வராந்தாவுக்கு வந்து எண்ணை அழுத்தினாள். ரோஜாவின் போனில் இருக்கன்குடி மாரியம்மன் பாட்டு. நாதஸ்வரத்தோடு தொடங்கும், பிறகு ஒரு பெண் குரல் அம்மனைக் கூப்பிடும். முழுப் பாட்டும் ஓடி நின்றது. மறுபடி அழுத்தினாள். உள்ளே ஒருத்தி இயந்திரத்தை மிதிக்கத் தொடங்கினாள், பிறகு இன்னொருத்தி, பிறகு எல்லோரும். மணிக்கயிற்றின் பக்கம் பியூன் வந்து நிற்பதைப் பார்த்தாள். நாதஸ்வரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.