மும்பைக்கு இரண்டு மணி நேரம்

கல்யாணமாகி நான் மும்பைக்குப் புறப்பட்ட அன்று, பொள்ளாச்சி வீட்டு வாசலில் அம்மா அழுதாள். யாராவது அழுதால் எனக்கு எரிச்சல்தான் வரும். "எதுக்குங்கம்மா அழுகறீங்க? கோயமுத்தூர்ல பிளேன் ஏறினா ரெண்டு மணி நேரந்தானுங்க" என்றேன். அம்மா மூக்கைச் சிந்திவிட்டுச் சமாதானமானாள். பழனிக்கு பஸ்ஸில் போகிற நேரம்தான் என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லியும் வைத்தாள்.

அது விமானம் பறக்கிற நேரம் மட்டும். டாக்சியில் நெரிசலைத் தாண்டுவது, இரண்டு மணி நேரம் முன்னால் போய் நிற்பது, பெட்டிக்குக் காத்திருப்பது, அப்புறம் பொள்ளாச்சி ரோடு, இதையெல்லாம் நான் சொன்னதே இல்லை. ஊருக்கு வரும்போதும் வந்து சேரும் நேரத்தைத்தான் சொல்வேன், கிளம்பிய நேரத்தை அல்ல.

நுணலும் தன் வாயால் கெடும். ஆறு வருஷம் கழித்து, தம்பி கல்யாணத்தில் நான் கெட்டேன். லீவு கிடைக்காமல், இணைச்சீர் அன்று காலையில்தான் கிளம்ப முடிந்தது. மாப்பிள்ளையும் அவன் கூடப்பிறந்தவளும் சேர்ந்து செய்கிற சீர் அது. சாயங்காலம் ஆறு மணிக்கு வைத்திருந்தார்கள். அவசரத்தில் வழக்கத்தை மறந்து, "கெளம்பிட்டனுங்கம்மா" என்று பத்து மணிக்கு போன் செய்தேன். அம்மா விரல்விட்டு எண்ணி, பன்னிரண்டு மணிப் பந்தியில் எனக்கு இலை போடச் சொல்லிவிட்டாள்.

விமானம் ஒரு மணி நேரம் தாமதம். ஆறு மணி தாண்டியதும் பெரியப்பா, "நேரம் தப்புதுங்க, என்ற புள்ளைய நிறுத்திச் சீரை முடிச்சுப்போடலாம்" என்று தன் மகளைக் கூப்பிட்டிருக்கிறார். "அக்கா வராம நான் எந்திரிக்க மாட்டனுங்க" என்று தம்பி உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஏழு மணிக்கு நான் ஓடி வந்து, சேலையை அள்ளிச் சுற்றிக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றேன்.

சீர் முடிந்ததும் அம்மா என்னை உள் அறைக்குக் கூட்டிப்போனாள்.

"ஏங்கண்ணு, காத்தால பத்து மணிக்குக் கெளம்பினவ, இத்தன நேரம் எங்க இருந்த?"

முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பனுக்கு ஆப்பரேசன் பண்ணுனப்ப மறுநாள்தான் வந்தியே, அப்பவும் இத்தன நேரமா?"

"ஆமாங்கம்மா."

"ரெண்டு மணி நேரந்தானே, ஓடி வர மனசு வல்லியேன்னு உன்ற மேல கோவமாவே இருந்துபோட்டேன் கண்ணு. தூரம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே கோவத்த வுட்டிருப்பனே."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவுக்கு என்னைப்போல எரிச்சல் வரவில்லை. முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "மத்தியானத்துல இருந்து உன்ற எலை காத்துட்டிருக்குது, வா" என்றாள்.