செஞ்சி பஸ்ஸை நிறுத்திய அன்னக்கூடை

என் மகள் யாழினிக்கு டிஸ்லெக்சியா. ஒன்பது வயதாகியும் எழுத்துகள் அவளுக்குக் குழம்பும். அதற்கான பயிற்சிக்கு சனிக்கிழமைதோறும் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் அழைத்துப் போவேன். யார் அவளைப் படிக்கச் சொன்னாலும், அவள் வாயைத் திறப்பதற்குள் நானே படித்துவிடுவேன். மகளைக் காப்பாற்றுவதாக எனக்கு நினைப்பு.

அன்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில், மீன் விற்று முடித்த ஒரு அம்மா காலி அன்னக்கூடையோடு யாழினியிடம் வந்தார்.

"பாப்பா, இந்த பஸ் மரக்காணம் போவுமா? போர்டப் பாத்து சொல்லு."

நான் வாயெடுத்தேன். யாழினி என் கையை அழுத்தினாள். "நீ சொல்லாதம்மா."

விரலைக் காற்றில் நகர்த்தி எழுத்துக்கூட்ட ஆரம்பித்தாள். கண்டக்டர் விசில் ஊதினார். எனக்குப் பதறியது. அந்த அம்மாவோ அன்னக்கூடையைத் தூக்கி பஸ் படியில் வைத்துவிட்டார்.

"இன்னாம்மா, ஏறுறியா இல்லியா?" என்றார் கண்டக்டர்.

"செத்த இருங்கண்ணே. கொழந்த படிச்சிக்கினு இருக்குது."

"செ... ஞ்... சி. செஞ்சி!" என்றாள் யாழினி. "இது உங்க பஸ் இல்லீங்க."

பஸ்ஸே சிரித்தது, கண்டக்டர் உட்பட.

"நல்லவேள சொன்ன கண்ணு," என்று அந்த அம்மா கூடையை எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு எங்கள் பஸ்ஸையும் யாழினியே தேடினாள். அவள் படித்து முடிப்பதற்குள் ஒரு விழுப்புரம் பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போனது. நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்ததை அவளே கண்டுபிடித்து, "வாம்மா, ஏறு" என்றாள்.